பதில் திரும்பும் வழி

கைபேசியில் வயர்கார்ட் என்ற விபிஎன் செயலியைத் திறந்து பொத்தானைத் தள்ளினால் அது உடனே 'ஆன்' நிலைக்கு வந்துவிடும். ஆண்ட்ராய்டாக இருந்தால் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சாவிக் குறியும் தோன்றும். அதன் பிறகு வீட்டிலுள்ள கோப்புச் சேமிப்புப் பெட்டியின் முகவரியைத் தட்டினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். "விபிஎன் கனெக்ட் ஆகிவிட்டது, வீட்டுப் பெட்டிதான் மக்கர்" என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த முடிவுக்கு ஆதாரம் ஏதும் இல்லை. பொத்தான் ஆன் ஆனதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: இன்னின்ன முகவரிகளுக்குப் போகும் பாக்கெட்டுகளை இனி டனலுக்குள் தள்ளு என்று கைபேசியின் இயங்குதளத்திடம் சொல்லியாகிவிட்டது. மறுமுனையில் சர்வர் விழித்திருக்கிறதா, சாவி பொருந்தியதா, ஒரு பைட்டாவது திரும்பி வந்ததா என்பது பற்றி அந்தப் பொத்தானுக்கு எதுவும் தெரியாது. வீட்டில் மின்சாரமே இல்லாவிட்டாலும் அது ஆன் ஆகும்.

இங்கே விபிஎன் என்று பேசுவது, வெளியூரிலிருந்து தன் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய ஒருவர் தானே அமைத்துக்கொள்ளும் டனலைப் பற்றி. மாதச் சந்தா கட்டி வேறொரு நாட்டின் சர்வர் வழியாக இணையம் பார்க்கும் சேவைகளுக்கும் அதே பெயர்தான். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை அந்தச் சேவைகளைக் குறிவைத்தது. அந்தச் சண்டை வேறு. வீட்டு விபிஎன் வேலை செய்யாதபோது சந்தேகம் வழக்கமாகச் சாவிகள்மீதும் குறியாக்கத்தின்மீதும்தான் விழுகிறது, புரியாத பகுதி அதுதான் என்பதால். சாவியை அழித்துப் புதிதாக உருவாக்குகிறார்கள், செயலியை நீக்கி மறுபடி நிறுவுகிறார்கள். ஆனால் குறியாக்கம் அரைகுறையாகப் பழுதாவதில்லை. சரியான சாவி ஒவ்வொரு முறையும் பொருந்தும், தவறான சாவி ஒரு முறைகூடப் பொருந்தாது. காலையில் ஓடி மாலையில் நின்றது, சிறிய பக்கம் திறந்து பெரிய கோப்பு திறக்காதது, ஒரு கணினி கிடைத்து இன்னொன்று கிடைக்காதது ஆகிய எதற்கும் சாவி பொதுவாகக் காரணமாக இருக்காது. இவை முகவரிகளின் பழுதுகள், வழியின் பழுதுகள். அதிலும் பெரும்பாலும் பதில் திரும்பும் வழியின் பழுதுகள். தேடலை அங்கே தொடங்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

வீடு ஏன் இவ்வளவு எட்டாத இடமாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1981 செப்டம்பரில் வெளியான இணைய நெறிமுறை (ஐபிவி4), முகவரிக்கு 32 பிட் ஒதுக்கியது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். அதே ஆண்டு சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் முன்வைத்த கட்டுரை, அறிவு முனைகளில் இருக்கட்டும், நடுவிலுள்ள நெட்வொர்க் பாக்கெட்டைச் சுமந்தால் போதும் என்று வாதிட்டது. அந்த உலகில் எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் நேரடியாக அழைக்கலாம். முகவரிகள் போதாது என்பது 90-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே பொது முகவரியைப் பல கணினிகள் பகிரும் நேட் என்ற ஏற்பாட்டை ஈகவாங், பிரான்சிஸ் இருவரும் 1994 மே மாதத்தில் எழுதிவைத்தார்கள். 1996-இல் ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம், வீட்டுக்குள் மட்டும் புழங்க 10, 172.16, 192.168 என்று தொடங்கும் மூன்று தொகுதிகளை ஒதுக்கியது. தற்காலிக ஒட்டு என்று வந்தது முப்பது ஆண்டுகளாக நிற்கிறது. இடையில் 2011 பிப்ரவரி 3 அன்று உலகளாவிய கையிருப்பு தீர்ந்தது. நம் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியைத் தொட்டது.

நேட் செய்வது, வாசல் காவலாளியின் வேலை. உள்ளிருந்து யார் வெளியே போனார், எங்கே போனார் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புக்குப் பொருந்தும் பதில் வந்தால் உரிய வீட்டுக்கு அனுப்புவார். குறிப்பில்லாமல் வருகிறவரை ஒன்றும் சொல்லாமல் திருப்பிவிடுவார். ரௌட்டரின் அட்டவணையும் அப்படித்தான். வீட்டிலிருந்து யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம்; வீட்டை யாரும் அழைக்க முடியாது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த அட்டவணையில் நிரந்தரமாக ஒரு வரி எழுதிவைப்பது: யுடிபி 51820-க்கு எது வந்தாலும் 192.168.1.10-க்கு அனுப்பு. வயர்கார்ட் வழிகாட்டிகள் எல்லாம் இந்த வரியை எழுதச் சொல்லி முடித்துவிடும். ரௌட்டர் தன் கையில் உண்மையான பொது முகவரி ஒன்றை வைத்திருந்தால்தான் அந்த வரிக்குப் பொருளுண்டு என்பதைப் பல வழிகாட்டிகள் சொல்வதில்லை.

இன்று பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் ரௌட்டருக்குப் பொது முகவரி தருவதில்லை. தங்கள் பக்கத்தில் இன்னொரு பெரிய நேட் வைத்து, நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. சிஜிநேட் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்காகவே 2012 ஏப்ரலில் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை, சுமார் 42 லட்சம் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. அங்கே உள்ள அட்டவணையில் வரி எழுத வாடிக்கையாளருக்கு வழியில்லை. எனவே எல்லாச் சோதனைக்கும் முந்திய சோதனை இது: ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் ஐபி என்று காட்டும் முகவரியை, வெளி இணையதளம் ஒன்று காட்டும் நம் முகவரியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றென்றால் வழி திறக்கக்கூடியது. ரௌட்டர் 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணைக் காட்டினால் சாவியை மாற்றி மாற்றி ஒரு வாரம் செலவிட்டாலும் பயனில்லை. 192.168 என்று காட்டினால் நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியும் ஒரு ரௌட்டராக ஓடுகிறது என்று பொருள். வரியை இரண்டு இடத்தில் எழுத வேண்டும், அல்லது அந்தப் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒரு நிமிட வேலை இது. மற்ற எல்லாவற்றையும் முயன்ற பிறகு இதைச் செய்பவர்களே அதிகம்.

வழி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவோம். வயர்கார்டின் முதல் பாக்கெட், அதாவது ஹேண்ட்ஷேக்கைத் தொடங்கும் செய்தி, சரியாக 148 பைட். பதில் வராவிட்டால் சுமார் 5 நொடிக்கு ஒரு முறை மறுபடி அனுப்பும். 90 நொடி பார்த்துவிட்டுக் கைவிடும். வீட்டிலிருந்து வரவேண்டிய பதில் 92 பைட். செயலியில் அனுப்பியது, பெற்றது என்று இரண்டு கணக்குகள் இருக்கும். அனுப்பியது 148, 296, 444 என்று படியேறிக்கொண்டிருக்க, பெற்றது பூஜ்யத்திலேயே நின்றால், ஹேண்ட்ஷேக் ஒருமுறைகூட முடியவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஏன் முடியவில்லை என்று மட்டும் அந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. போர்ட் திறக்கவில்லை, சிஜிநேட் மறித்தது, வீட்டு முகவரி மாறிவிட்டது, வீட்டு சர்வரின் ஃபயர்வால் தடுத்தது, சாவி தவறு: ஐந்துக்கும் கைபேசியில் தெரியும் அறிகுறி ஒன்றே, மௌனம். தன்னை அறிமுகப்படுத்தாத பாக்கெட்டுக்கு வயர்கார்ட் எந்தப் பதிலும் தராது, 'சாவி தவறு' என்றுகூடச் சொல்லாது.

பிழையைச் சொல்லியிருந்தால் எத்தனை பேரின் தலைவலி மிச்சமாகியிருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த மௌனம் அலட்சியத்தால் வந்ததல்ல என்பதைக் காட்ட ஓர் எண் போதும். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு சாதாரண சர்வரிலிருந்து, நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பில், பொது ஐபிவி4 வெளி முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க வல்லது. 'யார் அது?' என்று பதில் சொல்கிற எந்தக் கதவும் ஒரு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவரின் பட்டியலில் ஏறிவிடும். டெல்நெட் போர்ட்டைத் திறந்துவைத்துத் தொழிற்சாலைக் கடவுச்சொல்லையே வைத்திருந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் 2016-இல் மிராய் என்ற தீநிரல் அப்படித்தான் பிடித்தது; 60-க்குச் சற்று அதிகமான பெயர், கடவுச்சொல் இணைகள் அதற்குப் போதுமாக இருந்தன. விபிஎன் தொல்லையே வேண்டாம், கேமராவின் போர்ட்டை நேரடியாகத் திறந்துவிடலாம் என்பவர்களுக்கும் இதுவே பதில். மௌனமாக இருக்கும் சர்வர், தேடுபவருக்கு இல்லாத சர்வரைப்போலவே தெரிகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, நமக்கும் அது இல்லாததைப்போலவே தெரிவது.

ஆகவே ஆதாரத்தைக் கைபேசியில் தேடாமல் வழியின் மறுமுனையில் தேட வேண்டும். வீட்டு சர்வர் ஒரு ராஸ்பெரி பை என்று கொள்வோம். அதில், வந்துபோகும் பாக்கெட்டுகளை வரிவரியாகக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு 51820 போர்ட்டை மட்டும் பார்க்கச் சொன்னால், கைபேசி பொத்தானைத் தள்ளியதும் மூன்றில் ஒன்று நடக்கும். 148 நீளமுள்ள வரி எதுவுமே வரவில்லை என்றால் பழுது வெளியே, பாதையில். வரி வருகிறது, 92 நீளப் பதில் கிளம்பவில்லை என்றால் பழுது இந்தப் பெட்டிக்குள்: தவறான சாவி, அல்லது பெட்டியின் சொந்த ஃபயர்வால். உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வால் எறிவதற்கு முன்பே டிசிபிடம்ப் பார்த்துவிடும் என்பதால், அதன் திரையில் தெரிந்தது சர்வர் நிரலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆகாது. இதை மறந்து வழுக்குபவர்கள் உண்டு. மூன்றாவதாக, 148 வந்து 92-உம் கிளம்பி, கைபேசியில் மட்டும் பூஜ்யம் நின்றால் பதில் வேறு வழியாகப் போகிறது. வீட்டில் இரண்டு இணையத் தொடர்புகள் இருந்தால் இது நடக்கும். ஒரே பார்வையில், ஐந்து சந்தேகங்கள் இரண்டுக்கோ மூன்றுக்கோ குறைந்துவிடும்.

வெளியூரில் மாட்டிக்கொண்டவர் வீட்டில் எப்படி டிசிபிடம்ப் ஓட்டுவார்? ஓட்ட முடியாதுதான். அதனால் இந்தச் சோதனையைப் பயணத்துக்கு முன் வீட்டிலிருந்தே செய்துவிட வேண்டும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: கைபேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதிக்க வேண்டும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் பொது முகவரியை அழைத்தால் பல ரௌட்டர்கள் அந்தப் பாக்கெட்டைத் திருப்பி உள்ளே விடாது. விடும் ரௌட்டர்களில் எல்லாம் சரியாக ஓடுவதாகத் தோன்றும். தோல்வி, வெற்றி எதுவாயினும் வெளியூர் நிலையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

சாவிப் பழுது என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், உண்டு. மற்றொரு விபிஎன் மென்பொருளான ஓப்பன்விபிஎன்னின் சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய சர்வர் ஒரு நாள் காலையில் எல்லோரையும் மறுக்கும். வயர்கார்டிலும் ஹேண்ட்ஷேக்குக்குள் நேர முத்திரை உண்டு. முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வரும் அழைப்பை, யாரோ பதிவுசெய்து மறுபடி அனுப்புவதாகக் கருதி சர்வர் ஒதுக்கிவிடும். பேட்டரியுள்ள கடிகாரம் இல்லாத சிறு கணினியே அழைப்பவராக இருந்து, மின்தடைக்குப் பின் பழைய நேரத்தோடு எழுந்தால் இது நிகழும். ஆனாலும் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஓப்பன்விபிஎன் சான்றிதழ் காலாவதியானதைத் தன் பதிவேட்டில் தெளிவாக எழுதுகிறது. வயர்கார்டின் பிழைப்பதிவை இயக்கினால் அதுவும் சர்வர் பக்கத்தில் சொல்கிறது. வழி அடைபட்டால் சர்வரின் பதிவேட்டில் ஒரு வரியும் விழாது. பதிவேடு காலியாக இருப்பதே வழியைச் சந்தேகிக்கப் போதுமான காரணம்.

ஹேண்ட்ஷேக் முடிந்துவிட்டது, கைபேசிக்கு டனலில் 10.8.0.2 என்ற முகவரி, சர்வரின் 10.8.0.1 பிங்குக்குப் பதில் சொல்கிறது, ஆனால் அதே வீட்டில் 192.168.1.20-இல் இருக்கும் சேமிப்புப் பெட்டி மட்டும் கிடைக்கவில்லை. மிக அதிகமாகக் குழப்பும் நிலை இதுதான், என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்றும் இதுதான். லினக்ஸ் தனக்கு வராத பாக்கெட்டை இயல்பாக மற்றொருவருக்குக் கடத்தாது. கடத்து என்று ஒரு அமைப்பை 0-விலிருந்து 1-க்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் பாக்கெட் பெட்டியைப் போய்ச் சேர்ந்துவிடும். பெட்டியும் பதில் எழுதும். யாருக்கு? 10.8.0.2-க்கு. அந்த முகவரி தன் நெட்வொர்க்கில் இல்லை என்பதால், தெரியாத முகவரிகளை எல்லாம் அனுப்பும் இடமான ரௌட்டருக்குக் கொடுக்கும். ராஸ்பெரி பைக்குள் ஒரு டனல் இருப்பது ரௌட்டருக்குத் தெரியாது. அது பதிலை இணையத்தின் பக்கம் தள்ளும், அங்கே 10 என்று தொடங்கும் முகவரியைச் சுமக்க யாரும் இல்லை. போன வழி முழுக்கச் சரி, குறியாக்கம் சரி, பதிலும் எழுதப்பட்டது. திரும்பும் வழியை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ரௌட்டரிலேயே விபிஎன் ஓடினால் இந்தப் பழுது எழாது, அதனால்தான் ஒருவரின் வீட்டில் ஓடிய அதே அமைப்பு இன்னொருவர் வீட்டில் ஓடுவதில்லை.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. 10.8.0.0 தொகுதிக்கு வழி பையின் 192.168.1.10 என்று ரௌட்டரில் ஒரு நிலையான வழியைப் பதிவது ஒன்று. டனலிலிருந்து வரும் பாக்கெட்டுகளைப் பை தன் சொந்த முகவரியில் வந்தவைபோல மாற்றி அனுப்புவது மற்றொன்று. முதலாவது சுத்தமானது. இரண்டாவது எளிது, மலிவான ரௌட்டர்களில் வேறு வழியும் இல்லை. யார் எங்கிருந்து வந்தார் என்ற தடயம் மட்டும் அழிந்துபோகும். இரண்டாவது, விண்டோஸின் ஒரு தனிக் குணத்தையும் தற்செயலாகச் சமாளித்துவிடுகிறது. விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு விதிகள் வீட்டு நெட்வொர்க்கில் பிங்கையும் கோப்புப் பகிர்வையும் தன் சொந்தத் தொகுதியிலிருந்து வருபவர்களுக்கே அனுமதிக்கின்றன. 10.8.0.2 அதன் கண்ணில் அந்நியர். அச்சுப்பொறி பதில் சொல்கிறது, சேமிப்புப் பெட்டி பதில் சொல்கிறது, விண்டோஸ் கணினி மட்டும் வாய் திறக்கவில்லை என்றால் டனலை நோண்ட வேண்டியதில்லை.

திரும்பும் வழி குழம்ப இன்னொரு காரணம், எல்லார் வீட்டிலும் ஒரே எண் இருப்பது. ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய இடத்தில், 256 முகவரி கொண்ட சிறு தொகுதிகளாகப் பிரித்தால் 69,888 தொகுதிகள் கிடைக்கும். ரௌட்டர் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அவற்றில் இரண்டு மூன்றையே பயன்படுத்துகிறார்கள், 192.168.0, 192.168.1 இரண்டையும் பார்க்காத ஊர் இல்லை. தங்கும் விடுதியின் வைஃபையும் 192.168.1, வீடும் 192.168.1 என்றால், 192.168.1.20 என்று தட்டும்போது கணினி அதை டனலுக்குள் அனுப்புமா, விடுதியின் பக்கத்து அறைக்கு அனுப்புமா என்பது அந்தந்த இயங்குதளத்தின் போக்கைப் பொறுத்தது. ஒரு விடுதியில் ஓடியது அடுத்த விடுதியில் ஓடாததற்கு, விடுதிக்காரர் விபிஎன்னைத் தடுத்துவிட்டார் என்று பழி போடுவதற்கு முன் இரண்டு எண்களையும் பார்த்துக்கொள்வது நல்லது. மிகக் குறுகிய தொகுதியைக் குறிக்கும் வழியே வெல்லும் என்பது ரௌட்டிங்கின் விதி என்பதால், வயர்கார்டின் அனுமதிப் பட்டியலில் 192.168.1.20 என்ற ஒற்றை முகவரியைத் தனியாகச் சேர்ப்பது அவசரத்துக்கு உதவும். நிரந்தரத் தீர்வு, வீட்டின் தொகுதியை 10.83.47 போல யாருக்கும் தோன்றாத ஒன்றாக மாற்றுவது. அடுத்த தலைமுறை நெறிமுறையான ஐபிவி6-ஐ வடிவமைத்தவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்: 2005-இல் வந்த தனியார் முகவரித் திட்டத்தில் 40 பிட்டை ஒவ்வொருவரும் தற்போக்காகத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று விதித்தார்கள்.

இதுவரை சொன்னவை முழுத் தோல்விகள். அரைத் தோல்வி இன்னும் சுவையானது. சேமிப்புப் பெட்டியின் நுழைவுப் பக்கம் வருகிறது, கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, படங்களின் பட்டியலைக் கேட்டதும் உறைந்துபோகிறது. இங்கே குறுக்கே நிற்பது பாக்கெட்டின் பருமன். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்சவரம்பு 1500 பைட். வயர்கார்ட் ஒவ்வொன்றுக்கும் மேலுறை போடுகிறது: ஐபிவி4 பாதையில் 60 பைட், ஐபிவி6 பாதையில் 80. அதனால்தான் உள்ளே செல்லும் பாக்கெட்டுக்கு 1420 என்ற இயல்பு வரம்பு. வீட்டு இணைப்பு பிபிபிஓஈ வகை என்றால் அது தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. கைபேசி ஐபிவி4 வழியாக வந்தால் 1420-உம் 60-உம் 1480, தாராளமாக நுழையும். அதே கைபேசி ஐபிவி6 வழியாக வந்தால் 1420-உம் 80-உம் 1500, எட்டு பைட் துருத்திக்கொண்டு நிற்கும். அளவு பெரிது என்று நடுவழி ரௌட்டர் ஐசிஎம்பி செய்தியால் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1990-இலேயே எழுதப்பட்ட ஏற்பாடு. பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்துவைக்கும் ஃபயர்வால்கள் அந்தச் செய்தியை விழுங்கிவிடுகின்றன. துண்டாக்கி அனுப்பினாலும் துண்டுகளை எறியும் பெட்டிகள் உண்டு. சிறியது போகும், பெரியது மறையும். இதுவும் வழியில் தொலைந்த ஒரு பதில்தான், தொலைந்தது 'பெரிது' என்ற பதில்.

துண்டாக்காதே என்ற குறியோடு பிங் அனுப்பி, அளவைப் பாதி பாதியாகக் குறுக்கினால் 1280-க்கும் 1420-க்கும் இடையே எங்கே உடைகிறது என்பதை எட்டு முறைக்குள் கண்டுபிடிக்கலாம். எதற்கு இந்த வேலை, நேராக 1280 என்று வைத்துவிட்டால் ஆயிற்று என்பவர்கள் சொல்வதில் உண்மையுண்டு. ஐபிவி6 எந்தப் பாதையிலும் 1280 பைட்டுக்கு உத்தரவாதம் கேட்பதால் அந்த எண் பிரபலமாயிற்று, வேக இழப்பும் சொற்பம். ஆனால் 1280 வைத்தும் உறைந்தால் என்ன? பருமனல்ல காரணம் என்று தெரிந்துகொண்டோம். மாற்றுவதைச் சோதனையாக மாற்றினால் தோல்வியும் பயன்தரும்.

இதே கண்ணோடு, 'அணைத்துப் போடு' என்ற பொது மருந்தையும் பார்க்கலாம். அதை ஏளனம் செய்யும் தொழில்நுட்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பல முறை வேலை செய்கிறது, ஏன் வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. ரௌட்டரை அணைத்துப் போட்டால் வீட்டின் பொது முகவரி மாறலாம். மாறும் முகவரியைப் பின்தொடரும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் புது முகவரிக்கு மாறிய பிறகும், லினக்ஸில் ஓடும் வயர்கார்ட் பெயரைத் தொடங்கும்போது ஒரு முறைதான் கேட்டறிகிறது. பழைய முகவரிக்கே 148 பைட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அழைப்பவரின் டனலை நிறுத்தித் தொடங்கியதும் ஓடினால், பழுது பழசாகிப்போன ஒரு முகவரியில் இருந்தது என்று கண்டுகொள்ளலாம். சிஜிநேட்டுக்குப் பின்னால் உள்ள வீடுகளில் இன்னொரு வகை உண்டு. அங்கே வீட்டுக்கு அழைப்பு வராது என்பதால், பொது முகவரியுள்ள ஒரு வாடகை சர்வரை வீடே அழைத்து டனலைத் திறந்துவைக்கும். கைபேசியும் அந்த சர்வருக்கே வரும். இந்த டனல் பையின் மறுதொடக்கத்துக்குப் பின் சில நிமிடம் ஓடி, பிறகு நின்றுவிட்டால், நேட் அட்டவணையில் இருந்த வரி காலாவதியாகிறது. யுடிபி வரியை இரண்டு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2007-இல் ஆர்எஃப்சி 4787 கூறியது. அதற்குள் அழிக்கும் பெட்டிகள் ஏராளம். வயர்கார்ட் ஆவணம் பரிந்துரைக்கும் 25 நொடிக்கு ஒரு முறை போகும் கீப்-அலைவ் பாக்கெட் அதற்காகத்தான். அணைத்துப் போடுவதில் ஒரே குறை, அது நோயை ஆற்றும்போதே தடயத்தையும் துடைத்துவிடுகிறது. போடுவதற்கு முன் கணக்குகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் அந்தக் குறையும் இல்லை.

டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்ற மறுப்பு வலுவானது. வயர்கார்டையே அடியில் வைத்துக்கொண்டு, இரு முனைகளையும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அழைக்கவைத்து, இரண்டு நேட்டிலும் வரி எழுதச் செய்துவிடுகின்றன. ஹோல் பஞ்சிங் என்ற இந்த உத்தியை ஃபோர்டு, ஸ்ரீசுரேஷ், கேகல் மூவரும் 2005-இல் சோதித்து எழுதினார்கள். அவர்கள் பார்த்த நேட் கருவிகளில் சுமார் 82 சதவீதம் யுடிபிக்கு இடம்கொடுத்தன. கொடுக்காத இடங்களில் சேவை தன் இடைநிலை சர்வர் வழியாகப் போக்குவரத்தைச் சுமக்கிறது. படம் ஓடும், தடங்கித் தடங்கி ஓடும். பெரும்பாலான வீடுகளுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் அது வீட்டை அழைக்க முடியாத முதல் பழுதை மட்டுமே நீக்குகிறது. வீட்டின் மற்றக் கருவிகளுக்கு அதன் வழியாகப் போக ஒரு கணினி பாக்கெட்டைக் கடத்தியாக வேண்டும். விடுதியும் வீடும் ஒரே எண்ணில் இருந்தால் அங்கேயும் அதே குழப்பம். மேலதிகமாக, யார் உள்ளே வரலாம் என்ற முடிவில் மூன்றாவது ஒருவருக்கும் பங்கு போகிறது. வாடகை சர்வர் வைத்துக்கொள்பவருக்கு அந்தப் பங்காளி வேண்டாம், பராமரிப்பு வேண்டியிருக்கும்.

ஐபிவி6 வந்தால் நேட்டே போய்விடும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஆறுதல். இந்தியாவைப் பொறுத்தவரை அது இனி வரவேண்டியதில்லை, வந்துவிட்டது. இங்கே இணையம் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஐபிவி6 ஓடுகிறது. சிஜிநேட்டுக்குப் பின்னால் ஐபிவி4-இல் எட்டாத ஒரு வீடு, ஐபிவி6-இல் உலகம் முழுவதும் எட்டும் முகவரியோடு இருப்பது இன்று சாதாரணம். முகவரிப் பஞ்சம் அங்கே இல்லை, நேட் செய்யும் முகவரி மாற்றமும் இல்லை, அதனால் பதில் திரும்பும் வழியில் ஒரு முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. மிச்ச முடிச்சுகள் இருக்கின்றன. நிறுவனம் தரும் முன்னொட்டு மறுதொடக்கத்தில் மாறலாம், ஆகவே டைனமிக் டிஎன்எஸ் ஐபிவி6 பதிவையும் புதுப்பிக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் ஐபிவி6 இல்லாமல் போகலாம். நேட் இல்லாவிட்டாலும் ரௌட்டரின் ஃபயர்வால், கேட்காமல் வரும் பாக்கெட்டை இயல்பாகத் தடுக்கிறது; அதில் பையின் முகவரிக்கும் 51820-க்கும் மட்டும் ஓர் ஓட்டை போட வேண்டும். நிறுவனங்கள் கொடுக்கும் ரௌட்டர்கள் சிலவற்றில் அந்த ஓட்டையைப் போடும் பக்கமே இல்லை, ஐபிவி6 ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கும் பொத்தான் மட்டும் இருக்கும். அதை அணைத்தால் விபிஎன் ஓடும், கூடவே தொலைக்காட்சியும் கேமராவும் அச்சுப்பொறியும் தெருவுக்கு வந்துவிடும். அத்தகைய வீட்டில் அந்த ரௌட்டரை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்டு, பின்னால் தன் சொந்த ரௌட்டரை வைத்து, விபிஎன்னை அதிலேயே ஓட்டுவதுதான் ஒழுங்கான வழி.